வாரண்டி உள்ள போனை ரூட் செய்யலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேரள–தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓணச் சலுகையில் பாலக்காட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனுக்கு இன்னும் பாதிக்கு மேல் வாரண்டி மீதமிருக்கிறது. வேண்டாத செயலிகளும் விளம்பரங்களும் தொல்லை தருவதால், ரூட் செய்து (போனின் உச்ச அதிகாரத்தைக் கைக்குக் கொண்டுவந்து), லைனேஜ் போன்ற ஒரு கஸ்டம் ரோமை, அதாவது வேறோர் இயங்குதளத்தை, போட்டுக்கொள்ள விரும்புகிறார். "கம்பெனி ரோமைத் திருப்பி ஏற்றிப் பூட்லோடரைப் பூட்டிவிட்டால் சர்வீஸ் சென்டரில் யாருக்கும் தெரியாது" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரரோ "தொட்டாலே வாரண்டி போச்சு" என்றிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

இருவருமே பாதி சரி. வாரண்டி நிற்குமா போகுமா என்பதை நீங்கள் பின்பற்றும் செய்முறையைவிட, போனைத் தயாரித்த நிறுவனம் பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தைச் சரிபார்க்கும் நிரல்) திறக்கப்பட்டதை எங்கே, எப்படிப் பதிவு செய்துகொள்கிறது என்பதும், அதன் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே 'எப்படி ரூட் செய்வது' என்ற காணொளியைத் தேடுவதற்கு முன் 'என் போனுக்கு இது என்ன செய்யும்' என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கேள்வியில் போனின் பெயர் இல்லை. ஆனால் பதிலின் முக்கால்வாசி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதனால் நம் பக்கம் அதிகம் புழங்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் பற்றித் தனித்தனியே சொல்கிறேன்.

முதலில், மூன்று வெவ்வேறு செயல்களை நாம் ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். போன் உயிர்பெறும்போது முதலில் ஓடும் நிரல்களில் ஒன்று பூட்லோடர். அடுத்து ஏற்றப்போகும் இயங்குதளம் நிறுவனத்தின் கையொப்பம் உள்ளதுதானா என்று அது சரிபார்த்த பிறகே வழிவிடும். அந்தச் சரிபார்ப்பைத் தளர்த்துவது பூட்லோடர் அன்லாக். இருக்கிற இயங்குதளத்திலேயே உச்ச அதிகாரத்தை நம் கைக்குக் கொண்டுவருவது ரூட். இயங்குதளத்தையே எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது கஸ்டம் ரோம். ரூட் இல்லாமலே கஸ்டம் ரோம் போடலாம். கஸ்டம் ரோம் இல்லாமலே ரூட் செய்யலாம். ஆனால் இன்றைய போன்களில் இரண்டுக்கும் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும். வாரண்டிக்குச் சிக்கல் தொடங்குவதும் அந்த இடத்தில்தான். ஒரே தட்டலில் ரூட் செய்து தருவதாகச் சொல்லும் செயலிகள் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய போன்களின் பாதுகாப்பு ஓட்டைகளை நம்பி வந்தவை. இன்றைக்கு அந்தப் பெயரில் கிடைப்பவற்றை நிறுவவே வேண்டாம். உள்ளே என்ன வருகிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பூட்லோடர் திறந்ததற்கான தடயம் மூன்று இடங்களில் பதியக்கூடும். ஒன்று, போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் திரையில் வரும் எச்சரிக்கை. திறந்த நிலையில் இருந்தால் 'இந்தச் சாதனத்தின் பூட்லோடர் திறக்கப்பட்டுள்ளது, இதிலுள்ள மென்பொருளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க முடியாது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் சில நொடிகள் நின்றுவிட்டுத்தான் போன் மேலே செல்லும். திரும்பப் பூட்டிவிட்டால் இது மறைந்துவிடும். உங்கள் நண்பருக்குத் தெரிந்திருப்பது இந்த ஒன்று மட்டும்தான்.

இரண்டாவது தடயம் போனின் சிப்புக்குள்ளேயே பதிவது. சாம்சங் 2013-இல் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டோடு இதைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத ஒரு கோப்பை ஏற்றிய அந்தக் கணமே, சிப்பில் உள்ள மிகச் சிறிய மின் இணைப்பு ஒன்று நிரந்தரமாக எரிக்கப்படுகிறது. அதுவரை 0 என்றிருந்த மதிப்பு 1 ஆகிறது. எந்த மென்பொருளாலும், நிறுவனமே தரும் அசல் ஃபர்ம்வேராலும்கூட (போனின் மூல மென்பொருளாலும்கூட), அதை மறுபடி 0 ஆக்க முடியாது. உடைத்த அரக்கு முத்திரையைப் போலத்தான். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், அணைத்த நிலையில் இரண்டு ஒலி பொத்தான்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டே கணினியோடு கேபிளை இணையுங்கள். டவுன்லோட் மோடு என்ற நீலத் திரை வரும். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். அவற்றுள் வாரண்டி என்ற சொல்லோ நாக்ஸ் என்ற சொல்லோ உள்ள வரியின் இறுதியில்தான் அந்த 0 அல்லது 1 நிற்கும். சர்வீஸ் சென்டர் ஊழியர் பார்ப்பதும் அந்த வரியைத்தான். அது 1 ஆகிவிட்டால் பிறகு சாம்சங் பே வேலை செய்யாது. கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் திறக்காது. வாரண்டி முடிந்த பிறகும் இந்த இரண்டும் திரும்பி வருவதில்லை.

மூன்றாவது தடயம் உங்கள் கையிலேயே இல்லை. நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. மோட்டோரோலா போனைத் திறக்க அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போனின் அடையாளக் குறியை உள்ளிட்டு, 'இதன்பின் வாரண்டி கிடையாது என்பதை ஏற்கிறேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திறவுச் சங்கேதம் மின்னஞ்சலில் வரும். சங்கேதம் வாங்கியதே பதிவு. அதற்குப் பிறகு போனைப் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். ஷாவ்மியில் உங்கள் மி கணக்கோடு போனை இணைத்து, பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம், காத்திருந்து, அவர்களின் கருவி வழியாகவே திறக்க வேண்டும். அதுவும் சர்வர் வழியாகத்தான் நடக்கிறது. ஷாவ்மியின் புதிய இயங்குதளமான ஹைப்பர் ஓஎஸ் வந்த பிறகு அந்த அனுமதியைப் பெறுவதே கடினமாகிவிட்டது.

மற்ற நிறுவனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளின் பிக்சல் போன்களில் திறப்பதும் பூட்டுவதும் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை. கூகுளே அசல் ஃபர்ம்வேர் கோப்புகளைப் பொதுவில் தருகிறது. உலாவியிலிருந்தே ஏற்றும் வசதியும் உண்டு. பூட்லோடரைத் திறப்பதோ ரூட் செய்வதோ தானாக வாரண்டியை நீக்காது, அதனால் நேர்ந்த சேதத்திற்கு மட்டும் பொறுப்பேற்க மாட்டோம் என்ற நிலைப்பாட்டை ஒன்பிளஸ் நெடுங்காலம் சொல்லிவந்தது. உங்கள் மாடலுக்கு இன்றைக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரியல்மி தேர்ந்தெடுத்த சில மாடல்களுக்கு மட்டும் தனிச் செயலி வழியாகத் திறப்பு அனுமதி தருகிறது. விவோவும் ஓப்போவும் பொதுவாக வழி தருவதில்லை. ஹுவாவே 2018-லேயே திறவுச் சங்கேதம் தருவதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் 2025-இல் வந்த ஒன் யூஐ 8 என்ற மென்பொருள் பதிப்பு முதல் டெவலப்பர் அமைப்புகளில் இருந்த அன்லாக் தெரிவே பல மாடல்களில் காணாமல் போய்விட்டது. வழி தராத போன்களை, சிப்பின் அவசரநிலை வாயிலுக்குள் புகுந்து திறந்துதருவதாகச் சொல்லும் ஆட்கள் கோவையிலும் உண்டு, பாலக்காட்டிலும் உண்டு. வாரண்டியில் உள்ள போனை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். போன் செத்துப்போனால் அவர்களும் பொறுப்பேற்க மாட்டார்கள், நிறுவனமும் ஏற்காது.

இனி சட்டம். 'ரூட் செய்ததால் வாரண்டியை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது' என்று இணையத்தில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அது வெளிநாட்டுக் கதை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோர் பொருள் விற்பனை குறித்த நெறிமுறைகளும் அப்படி வாதிட இடம் கொடுக்கின்றன. ஐரோப்பாவில் பொருள் கைக்கு வந்த பிறகு ஒரு குறிப்பிட்ட காலத்திற்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. அப்படி இல்லை என்றால் விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் ரூட் செய்தால் வாரண்டி போகும் என்றோ போகாது என்றோ வெளிப்படையாகச் சொல்லும் தனிப் பிரிவு கிடையாது. ரூட் செய்வது குற்றமும் அல்ல. வாரண்டி என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்த அட்டையில் 'அங்கீகாரமற்ற மென்பொருள் மாற்றம்' விலக்காக எழுதப்பட்டிருந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

அதற்காக நம் கை முற்றிலும் கட்டப்பட்டுவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறைபாடும் அதன்படி 'குறை'தான். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையும் அது ஏற்கிறது. பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. சார்ஜ் ஏறும் துளை தளர்ந்துபோவதற்கோ, திரையில் பச்சைக் கோடு விழுவதற்கோ பூட்லோடர் திறந்திருந்தது காரணம் என்று சொல்வது கடினம். அப்படிப்பட்ட வன்பொருள் குறையில் வாதாட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அதே சமயம், ரூட் செய்து சிப்பின் வேகவரம்பை உயர்த்தி ஓட்டியதால் போர்டு சூடேறிக் கெட்டது என்றாலோ, தவறான கோப்பை ஏற்றியதால் போன் எழவே இல்லை என்றாலோ, எந்த நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது; நிற்கவும் கூடாது என்பதே என் கருத்து. நியாயம் இருப்பதும், அந்த நியாயம் கைக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனுக்காக ஆணையத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சர்வீஸ் சென்டரில் நடைமுறை என்ன? போனை நீட்டியதும் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்ணை) பார்த்து, பில்லோடு ஒப்பிடுவார்கள். பிறகு சிம் தட்டை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அங்கே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டு, தண்ணீர் பட்டிருந்தால் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருக்கும். தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நம் பகுதியில், ரூட் செய்ததால் போகும் வாரண்டியைவிட அந்தப் பொட்டால் போகும் வாரண்டிதான் அதிகம். மென்பொருளைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். ஜாப் ஷீட்டில் (சர்வீஸ் சென்டர் எழுதும் பதிவுத் தாளில்) 'மென்பொருள் மாற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்ததுபோல் ஆகிவிடும். எனவே அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தடயத்தை மறைத்துக் கொண்டுபோகும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மேலே சொன்னபடி பல போன்களில் மறைக்கவே முடியாது. முடிந்தாலும், உண்மையான வன்பொருள் குறைக்கு நியாயம் கேட்க வேண்டிய நேரத்தில், மறைத்தது தெரியவந்தால் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

இப்போது உங்கள் உண்மையான தேவைக்கு வருகிறேன். வேண்டாத செயலிகளும் விளம்பரங்களும்தான் உங்கள் தொல்லை என்றால், ரூட்டே தேவையில்லை. போனின் அமைப்புகளில் உள்ள 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டி டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து ஏடிபி என்ற கருவி வழியாக, நிறுவனம் முன்கூட்டியே திணித்த செயலிகளை உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீக்கலாம். அந்தச் செயலி சிஸ்டம் பகிர்வில் (சேமிப்பகத்தில் இயங்குதளத்துக்கென ஒதுக்கிய பகுதியில்) அப்படியே இருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஓடாது, பேட்டரியைத் தின்னாது. வேண்டுமென்றால் திரும்பக் கொண்டுவரலாம்; ஃபாக்டரி ரீசெட் செய்தாலும் எல்லாம் பழையபடி வந்துவிடும். பூட்லோடர் திறக்கப்படுவதில்லை, ஆகவே மேலே சொன்ன மூன்று தடயங்களில் ஒன்றும் பதியாது. பெயர் தெரியாத சிஸ்டம் செயலிகளில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒன்றைத் தவறாக நீக்கினால் போன் முகப்புத் திரைக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். விளம்பரங்களுக்கு ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் விளம்பரத் தடுப்புச் சேவை ஒன்றின் முகவரியைக் கொடுத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். முகப்புத் தோற்றம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு லாஞ்சர் (முகப்புத் திரைச் செயலி) போதும்.

ஒரு காலத்தில் ரூட் செய்வதற்கு நமக்கென்றே தனிக் காரணம் இருந்தது. ஜிஞ்சர்பிரெட் என்ற பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு ஓடிய 2011 வாக்கில், பல போன்களில் தமிழும் மலையாளமும் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். எழுத்துருவைச் சிஸ்டம் கோப்புறையில் வைக்க ரூட் வேண்டியிருந்தது. இரண்டு மொழியிலும் செய்தி வரும் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு அது வீண் ஆசை இல்லை, அன்றாடத் தேவை. அந்தத் தேவை இன்றைக்கு இல்லை. இன்று கஸ்டம் ரோமுக்கு மிஞ்சியிருக்கும் வலுவான காரணம் ஒன்றே: நிறுவனம் கைவிட்ட பழைய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைப்பது. 2016 டிசம்பரில் சயனோஜன்மோட் என்ற கஸ்டம் ரோம் மூடப்பட்ட பிறகு அதன் வழித்தோன்றலாக வந்த லைனேஜ் செய்துவரும் உண்மையான தொண்டு அதுதான். ஆனால் நிறுவனம் ஒரு போனைக் கைவிடும் காலத்திற்குள் அதன் வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும். எனவே வாரண்டி உள்ள போனில் கஸ்டம் ரோமுக்கு அவசரமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

திறந்த பூட்லோடரோடு வாழ்வதில் அன்றாடச் சங்கடங்களும் உண்டு. முதலாவது பணம். எல்லையின் இரு பக்கமும் டீக்கடை வரை யூபிஐ வந்துவிட்டது. வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் போன் நம்பத்தக்கதா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி வழியாகவும் தங்கள் சொந்தச் சோதனை வழியாகவும் பார்க்கின்றன. பூட்லோடர் திறந்திருப்பதை வன்பொருள் மட்டத்திலேயே கண்டுபிடிக்கும்படி அந்தச் சோதனை இறுகிக்கொண்டே வருகிறது. ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் (துணை நிரல்கள்) இன்று வேலை செய்யும், அடுத்த மாதம் செய்யாது. மருந்துக்கடையில் நின்றுகொண்டு பணம் அனுப்ப முடியாமல் திகைப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. சில போன்களில் பூட்லோடரைத் திறந்ததும் படம் பார்க்கும் செயலிகளின் உயர்தரக் காட்சியும் போய்விடும்.

இரண்டாவது சங்கடம் எல்லையோரத்தில் இருப்பவர்கள் தனியே கவனிக்க வேண்டியது. தொலைத்தொடர்பில் கேரளமும் தமிழ்நாடும் வேறுவேறு வட்டங்கள். கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் நடமாடுபவரின் போன் இந்த டவருக்கும் அந்த டவருக்குமாக மாறிக்கொண்டே இருக்கும். நிறுவனத்தின் இயங்குதளத்தில் வோல்ட்டி (4ஜி வழியாகச் செல்லும்) அழைப்பு, ரோமிங் ஆகியவற்றுக்கான அமைப்புகள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் சோதித்துச் சேர்க்கப்பட்டவை. கஸ்டம் ரோமில் வோல்ட்டி எல்லாப் போன்களிலும் சரியாக அமைவதில்லை; சாம்சங் போன்களில் லைனேஜ் போட்டவர்கள் நெடுங்காலம் முறையிட்டுவரும் குறை இது. ஏர்டெல் சிம்மாக இருந்தால் அழைப்பு 2ஜி-க்கு இறங்கியாவது ஒலிக்கும். ஜியோவுக்கு 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. வோல்ட்டி இல்லையென்றால் அழைப்பே இல்லை. இணையம் ஓடும், வாட்ஸ்அப் வரும், ஆனால் வீட்டிலிருந்து சாதாரண அழைப்பு வராது. உங்கள் மாடலுக்கான ரோமின் பக்கத்தில் வோல்ட்டி வேலை செய்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே மேலே யோசியுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் செய்யத்தான் வேண்டும் என்றால், வாரண்டி முடிந்த பழைய போன் வீட்டில் இருக்குமானால் அதில் தொடங்குங்கள். இந்தப் போனில்தான் என்றால், முதல் வேலை வாரண்டி அட்டையையும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தையும் படிப்பது. இரண்டாவது, வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில், போனின் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு, 'அதிகாரப்பூர்வ வழியில் பூட்லோடரைத் திறந்தால் வன்பொருள் வாரண்டி தொடருமா?' என்று கேட்டுப் பதிலைச் சேமித்து வைப்பது. தொலைபேசியில் ஒருவர் 'ஒன்றும் ஆகாது சார்' என்று சொன்னது பிற்பாடு எதற்கும் உதவாது. மூன்றாவது, இந்த முடிவை எடுப்பதற்கு முன் போனின் ஸ்பீக்கர், கேமரா, சார்ஜிங், கைரேகை, சிக்னல் எல்லாவற்றையும் சோதித்து, ஏதேனும் குறை இருந்தால் வாரண்டியிலேயே சரிசெய்துகொள்வது. தயாரிப்பில் நேர்ந்த குறைகள் பல முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும் என்பதால், வாரண்டியின் கடைசிப் பகுதி வரை காத்திருப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது காப்பு. பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள அனைத்தும் அழியும். திருடன் ஒருவன் உங்கள் போனைத் திறந்து தகவல்களை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. படங்கள், வாட்ஸ்அப் காப்பு, இரட்டைச் சரிபார்ப்புச் செயலியின் குறியீடுகள் ஆகியவற்றை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் மாடலுக்கும் வட்டாரத்துக்கும் உரிய அசல் ஃபர்ம்வேரை முழுதாகத் தரவிறக்கி வையுங்கள். தரவிறக்கம் முடிந்த பிறகுதான் திறப்பு. திறந்த பிறகு, வேறு எதையும் செய்வதற்கு முன், ஐஎம்இஐ சார்ந்த தகவல்கள் இருக்கும் பகிர்வை நகலெடுத்துக்கொள்வது நல்லது. அது சிதைந்தால் போன் இருக்கும், நெட்வொர்க் இருக்காது. சிதைந்த ஐஎம்இஐ-க்குப் பதிலாக வேறு எண்ணை எழுதித்தருவதாக யாராவது சொன்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி தொலைத்தொடர்பு அடையாள எண்ணில் கைவைப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ரூட் மட்டும் வேண்டுமென்றால் மேஜிஸ்க் இன்றும் ஏற்ற வழி. ஜான் வூ 2016-இல் தொடங்கிய இந்தத் திட்டம், சிஸ்டம் பகிர்வைத் தொடாமல் பூட் கோப்பை மட்டும் திருத்துகிறது. திருத்தும் அந்தக் கோப்பு, உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுக்குரியதாக இருக்க வேண்டும். ஒரு மாதம் முந்தைய பதிப்பின் கோப்பை ஏற்றினால் தொடுதிரையோ வைஃபையோ நின்றுபோகலாம், போன் எழாமலும் போகலாம். ஆண்ட்ராய்டு 13-உடன் விற்பனைக்கு வந்த போன்கள் பலவற்றில் இதற்கான கோப்பு 'இனிட் பூட்' என்று தனியாக இருக்கும். ரூட் செய்த பிறகு வரும் அப்டேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் கூடாது.

போன்கள் பல சாவது திரும்பி வரும் வழியில்தான். கஸ்டம் ரோமோ ரூட்டோ இருக்கும் நிலையில் பூட்லோடரைப் பூட்டினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கையொப்பம் பொருந்தாமல் போன் நின்றுவிடும். சில மாடல்களில் அங்கிருந்து மீள வீட்டில் வழி இல்லை. முதலில் அசல் ஃபர்ம்வேரை முழுமையாக ஏற்றி, ஒருமுறை முகப்பு வரை எழுப்பிப் பார்த்து, அதன் பிறகே பூட்ட வேண்டும். பூட்டும்போதும் எல்லாம் அழியும். பின்னோக்கிய பதிப்புக்குப் போவதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய, ஓட்டை உள்ள பதிப்பு திரும்பி வரக் கூடாது என்று சிப்பிலேயே எண்ணிக்கை வைக்கும் ஏற்பாடு பல போன்களில் இருக்கிறது. ஷாவ்மி போன்களில் 2018 வாக்கில் இது பலரின் ரெட்மி நோட் 5 புரோவைச் செங்கல்லாக்கியது. பிக்சல் 6-இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பழைய பூட்லோடருக்குத் திரும்பும் வழி மூடப்பட்டது. எனவே திரும்பும்போது, போனில் கடைசியாக இருந்த பதிப்பையோ அதற்குப் புதியதையோதான் ஏற்ற வேண்டும்.

பூட்லோடரை நீங்கள் தொடாமலே, அல்லது நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடு திறந்த பிறகும், வன்பொருள் குறைக்குச் சேவை மறுக்கப்பட்டால், மறுப்பை ஜாப் ஷீட்டில் காரணத்தோடு எழுதித்தரக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம். நிறுவனங்கள் பல அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லையோரத்தில் பலருக்கும் இருக்கும் குழப்பம் இதில்தான்: போனைக் கோவையில் வாங்கி, சர்வீஸுக்குப் பாலக்காட்டில் கொடுத்திருந்தால் வழக்கை எங்கே போடுவது? 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது பிழைப்புக்காக வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொழிஞ்சாம்பாறைக்காரரான நீங்கள் பாலக்காட்டு ஆணையத்திலேயே மனு போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல்கள் ஆகிய நான்கையும் இன்றைக்கே படமெடுத்து, போனுக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்.